தண்ணிக் கூலர் வாங்க முதல் பயோஸைத் திறந்து பாருங்கள்

புதுக்குடியிருப்பில் ஸ்ரூடியோ நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாமத்திய வீடு, கலியாண வீடு வீடியோக்கள் எடிற் பண்ணவென்று ஐ7-12700 புரோசசரில் கொம்பியூட்டர் பூட்டினேன். கூலர் புரோசசரோடு பெட்டிக்குள் வந்ததுதான். ரெண்டர் போட்டவுடன் 100 பாகைக்கு ஏறுகிறது, ஃபான் இரைகிறது, வேலை இழுபடுகிறது. பூட்டித் தந்தவர் தண்ணிக் கூலர் போடச் சொல்கிறார். இல்லாவிட்டால் இதைக் கொடுத்துவிட்டு செக்கன்ஹான்ட் ஐ9 எடுத்துத் தருகிறாராம். எது நல்லது?"

இரண்டும் வேண்டாம் தம்பி. ஒரு சதமும் செலவழிக்காமல், அரை மணித்தியாலத்தில் நீங்களே சரி செய்யக்கூடிய விசயம் இது.

உங்கள் புரோசசருக்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள். அது நீண்ட நேர வேலைக்கான கணக்கு. அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் 180 வாட் வரை இழுக்கலாம் என்பதும் இன்டெல் சொன்ன கணக்குத்தான். இன்டெல்லின் முறைப்படி சுமார் 28 விநாடிக்குப் பிறகு அது 65க்கு இறங்க வேண்டும். ஆனால் மதர்போட் கொம்பனிகள் பல, "ஓட்டோ" என்று விட்டால் அந்த எல்லையைத் தூக்கிவிடுகின்றன. சில போட்டுகளில் எல்லை என்ற இடத்தில் 4096 வாட் என்றே இருக்கும். அப்படியென்றால் எல்லையே இல்லை என்றுதான் அர்த்தம். தங்கள் போட்டில் வேகம் கூட என்று காட்டுவதற்காகச் செய்கிற வேலை இது. வாங்குகிறவனின் அறை தகரக் கூரைக்குக் கீழே 36 பாகையில் கிடக்கிறது என்பதை அவர்கள் யோசிப்பதே இல்லை. இன்டெல்லும் இதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டது.

பெட்டிக் கூலர் 65 வாட்டை மனதில் வைத்துச் செய்தது. அதற்கு மேல் இரண்டு மடங்கு வெக்கையைக் கொட்டினால் அது என்ன செய்யும்? 100 பாகை வந்ததும் புரோசசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கிறது. அதைத்தான் நீங்கள் இழுபடுகிறது என்கிறீர்கள்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினை நினைத்துப் பாருங்கள். ஆக்சிலேற்றரைக் கடைசிவரை இழுத்தால் தண்ணீர் கொஞ்சம்தான் கூடும், எண்ணெய் மட்டும் மளமளவென்று இறங்கும். புரோசசரும் அப்படித்தான். கடைசிக் கொஞ்ச வேகத்துக்கு வோல்ற்றேஜை உயர்த்த வேண்டும், வோல்ற்றேஜ் உயர்ந்தால் மின்சாரமும் வெக்கையும் அதைவிட வேகமாக ஏறும். என் மேசையில் இதே 12700ஐ 75 வாட்டில் கட்டிவைத்து ஓட்டினேன். 40 நிமிடத்தில் முடிந்த ரெண்டர் 46 நிமிடம் எடுத்தது. வெப்பம் 100இலிருந்து 80க்குக் கிட்ட வந்து நின்றது. ஆறு நிமிடத்துக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

சரி, செய்யும் முறை. கொம்பியூட்டரை ஓன் பண்ணியவுடன் டிலீற் பட்டனை விடாமல் தட்டுங்கள், பயோஸ் திறக்கும். விண்டோஸ் தொடங்க முதல் மதர்போட்டின் அமைப்புகளை மாற்றுகிற திரைதான் பயோஸ். அட்வான்ஸ்ட் மோட்டுக்குப் போங்கள். மெனுவின் பெயர் ஒவ்வொரு போட்டிலும் வேறு: அசூஸ் என்றால் ஏஐ ட்வீக்கர், எம்எஸ்ஐ என்றால் ஓசி, ஜிகாபைற் என்றால் ட்வீக்கர், அஸ்ரொக் என்றால் ஓசி ட்வீக்கர். அதற்குள் "லோங் டியூரேசன் பவர் லிமிற்", "ஷோர்ட் டியூரேசன் பவர் லிமிற்" என்று இரண்டு இருக்கும். சிலதில் பவர் லிமிற் 1, பவர் லிமிற் 2 என்று எழுதியிருக்கும். முதலாவதில் 65, இரண்டாவதில் 100 என்று அடியுங்கள். நேரம் கேட்டால் 28. எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். சில போட்டுகள் மில்லிவாட்டில் கேட்கும், அங்கே 65 என்றால் 65000. ஏற்கெனவே இருக்கிற எண் எவ்வளவு நீளம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். வோல்ற்றேஜ் என்று எழுதிய எதையும் தொடாதீர்கள்.

எம்எஸ்ஐ போட் என்றால் இன்னொன்று. "என்ன கூலர் போட்டிருக்கிறாய்" என்று பயோஸே கேட்கும்: பெட்டிக் கூலர், டவர் கூலர், வோட்டர் கூலர். பூட்டுகிறவர்கள் பலர் அவசரத்தில் வோட்டர் கூலர் என்று தட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு தட்டில் எல்லை பறந்துவிடும். உங்களுடையதிலும் அப்படிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு விண்டோஸுக்குள் வந்து, எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு பழைய கலியாண வீடியோவை 15 நிமிடம் ரெண்டருக்கு விடுங்கள். "சிபியு பக்கேஜ் பவர்" 65இல் நிற்க வேண்டும். வெப்பம் 80க்குக் கீழே என்றால் 75 ஆக்குங்கள், பிறகு 85. மத்தியான வெயிலில் பாருங்கள், விடியற்காலையில் பார்த்து ஏமாற வேண்டாம். 65 வாட்டிலேயே 95ஐத் தாண்டுகிறது என்றால் குற்றம் பவரில் இல்லை, கூலர் சரியாக உட்காரவில்லை. பெட்டிக் கூலருக்கு நான்கு பிளாஸ்ரிக் கால். கிளிநொச்சியில் என்னிடம் வந்த ஒரு மெசினில் மூன்று கால்தான் பூட்டியிருந்தது. ஏ9 வீதியில் லொறியில் ஆடிவந்ததில் நான்காவது கிளம்பி, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் சொந்தக்காரருக்குப் புதுப் புரோசசர் விலையே சொல்லியிருந்தார்கள். காலை அழுத்தி, புரோசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற பேஸ்டைப் புதிதாகப் பூசி அனுப்பினேன்.

தண்ணிக் கூலரைப் பற்றி. புரோசசரின் வெக்கையைப் பம்பால் ஓடுகிற தண்ணியில் ஏற்றி ரேடியேற்றரில் ஆற்றுகிற நல்ல சாமான்தான் அது, ஆனால் தண்ணிக் கூலர் அறையைக் குளிராக்காது. அறை 36 என்றால் அதற்குக் கீழே அதுவும் இறங்காது. சோழகக் காற்றில் கிரவல் றோட்டுப் புழுதி ரேடியேற்றரின் இடுக்கில் பாய் விரித்தமாதிரிப் படியும். பம்ப் நின்றால் இங்கே திருத்துவார் இல்லை. கொழும்புக்கு அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் இரண்டு கலியாண வீட்டு வேலை கைவிட்டுப் போகும். வாரண்டி என்று அட்டையில் மூன்று வருடம் எழுதுகிறார்கள், எடுத்துக்கொண்டு போனால் கொழும்பு பதில் சொல்லவில்லை என்கிறார்கள். உழைத்துச் சேர்த்த காசைக் கொடுக்கிற சனத்தை இப்படி அலையவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

இப்போது அந்த செக்கன்ஹான்ட் ஐ9. இதைக் கவனமாக வாசியுங்கள். அது 13ஆம் அல்லது 14ஆம் தலைமுறை என்றால், நான் மேலே சொன்ன பவர் எல்லை மட்டும் அதற்குப் போதாது. அந்தத் தலைமுறைகளில் புரோசசர் தனக்குத் தேவைக்கு மேல் வோல்ற்றேஜ் கேட்டு, நாளாக நாளாகத் தன்னையே கெடுத்துக்கொள்கிற குறை இருந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஓகஸ்டில் 0x129 என்ற திருத்தத்தையும் செப்ரெம்பரில் 0x12பி என்றதையும் வெளியிட்டது. பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை இன்னும் இரண்டு வருடம் நீட்டியது. பயோஸைப் புதுப்பித்தால்தான் அந்தத் திருத்தம் வரும். அப்புறம், கெட்டுப்போனதை அது சுகப்படுத்தாது. இனிக் கெடாமல் காக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டில் அந்தத் திருத்தமில்லாமல் ஒன்றரை வருடம் ஓடிய ஐ9ஐத் துடைத்து, புதுப் பேஸ்ட் பூசி, "நல்ல கண்டிசன்" என்று இங்கே கொண்டுவந்து தள்ளுகிறார்கள். கடையில் அரை மணி நேரம் நன்றாக ஓடும். வீட்டில் ரெண்டர் நடுவில் நீலத் திரை விழும், கேம் ஏறாமல் பிழை காட்டும், நீங்கள் றாமையும் விண்டோஸையும் மாற்றிக்கொண்டு திரிவீர்கள். பெட்டி, சீரியல் இலக்கம், வாரண்டி மிச்சம் மூன்றும் இல்லாமல் அதை வாங்கவே கூடாது. உங்களுடைய 12700 என்பது 12ஆம் தலைமுறை, அதற்கு இந்த வருத்தம் இல்லை. நல்ல பொருளைக் கொடுத்துவிட்டு நோயை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே 13, 14 வைத்திருப்பவர்கள் பயோஸ் புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இல்லாமல் தொடக்கூடாது. நடுவில் கரன்ட் போனால் போட்டே செத்துவிடக்கூடும். மழை இருட்டிக்கொண்டு வருகிற நாளில் அந்த வேலையே வேண்டாம்.

ஏஎம்டி றைசன் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் இலகு. பயோஸில் "இகோ மோட்" என்று இருக்கும், 65 வாட்டைத் தெரிவுசெய்தால் போதும். றைசன் 7000இல் பெயரின் கடைசியில் எக்ஸ் போட்டவை 95 பாகை வரை ஏறுவது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்தில் வேலை முடிந்ததும் சுவரில் சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டுப் போவது வழக்கம். அப்போது பயோஸின் நினைவை உயிரோடு வைத்திருப்பது போட்டில் இருக்கிற காசு மாதிரி வட்ட பற்றறி, சீஆர்2032. அது இறங்கினால் நீங்கள் போட்ட 65உம் 100உம் அழிந்து பழையபடி ஓட்டோவுக்குப் போய்விடும், பயோஸைப் புதுப்பித்தாலும் அப்படித்தான். கடிகாரம் பிழையான திகதி காட்டத் தொடங்கினால் பற்றறியை மாற்றுங்கள். அதற்கு முதல், இன்றைக்கே அந்த எண்கள் இருக்கிற பக்கத்தைப் போனில் படம் எடுத்து, ஒரு துண்டிலும் எழுதிப் பெட்டியின் பக்கத் தகட்டுக்குள் ஒட்டிவையுங்கள்.