90 நாள் பாலிசியெல்லாம் செல்லாது: ஃப்ரீலான்ஸ் வேலை பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில இருந்தே வீடியோ எடிட்டிங் பண்றேன். மார்ச்ல முடிச்சுக் குடுத்த வேலைக்கு ஒரு கம்பெனி இன்னும் காசு போடல. முதல்ல "எங்க பாலிசி 90 நாள்"னாங்க, அதுவும் தாண்டிடுச்சு, இப்ப "கிளையன்ட் குடுத்தாதான் உங்களுக்குக் குடுக்க முடியும்"ங்கறாங்க. என்ன பண்றது?
- வாசகி, ஈரோடு

பதில்: அவங்க சொன்ன ரெண்டுமே தப்பு சகோதரி. கிளையன்ட்டோட ஒப்பந்தம் போட்டது அவங்க, அதுல வர்ற லாபமும் அவங்களுக்கு, அப்ப கிளையன்ட் இழுத்தடிச்சா அந்த சுமையும் அவங்களோடதுதான், வீட்டு வாடகையும் சிஸ்டம் இஎம்ஐயும் மாசாமாசம் கட்டிட்டிருக்கற உங்க தலையில அதை இறக்கி வைக்கறது அநியாயம்.

சட்டமும் உங்க பக்கம்தான். 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி குறு, சிறு நிறுவனங்கள்ட்ட வேலை வாங்கினவங்க அதை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், தேதி எதுவும் எழுதிப் பேசிக்கலைன்னா 15 நாள்தான். 90 நாள்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45தான் கணக்கு. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. குறு நிறுவனம்னதும் பட்டறை, மெஷின்னு நினைச்சுக்காதீங்க, தனி ஆளா வீட்டில உக்காந்து எடிட் பண்றவங்களும் இந்த மாதிரி நிறுவனங்களுக்குன்னு மத்திய அரசு நடத்தற உத்யம் தளத்துல பதிவு பண்ணிக்கலாம். ஆதாரும் பான் நம்பரும் போதும், ஒரு பைசா கட்ட வேண்டாம். அதுக்குக் காசு கேக்கற தனியார் தளங்கள் இருக்கு, அங்க போயிடாதீங்க.

வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க பதிவு பண்ணியிருந்தா நேரா மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் தளத்துல புகார் குடுங்க, அது இந்த மாதிரி பாக்கித் தகராறைத் தீர்த்து வைக்கற மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும், நம்ம ஊர்ல சென்னை, கோவை, மதுரை, திருச்சில இருக்கு. அங்க வர்ற தீர்ப்பை எதிர்த்து கம்பெனி கோர்ட்டுக்குப் போகணும்னா தொகையில 75 சதவீதத்தை முதல்ல கட்டிட்டுத்தான் போக முடியும், அதனால சும்மா இழுத்தடிக்கறதுக்காக அப்பீல் போறது அவ்வளவு சுலபமில்ல. இனிமேதான் பதிவு பண்ணப் போறீங்கன்னா மார்ச் பாக்கிக்கு இந்த வழி பெரும்பாலும் எடுபடாது, வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் வழக்குன்னுதான் போகணும், அதுக்கு மூணு வருஷம் அவகாசம் இருக்கு. ஆனாலும் அடுத்த வேலைக்காக இன்னைக்கே பதிவு பண்ணிடுங்க.

இன்னொண்ணு. குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலைன்னா, குடுக்கற வருஷம் வரைக்கும் அந்தத் தொகையை செலவுக் கணக்குல காட்டி கம்பெனி வரியைக் குறைச்சுக்க முடியாதுன்னு 2024 ஏப்ரல்ல வருமான வரில ஒரு விதி அமலுக்கு வந்துச்சு. ப்ராஜெக்ட் மேனேஜருக்கு இது தெரியாம இருக்கலாம், ஆடிட்டருக்கு நல்லாத் தெரியும். அதனால இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரை மேலயே பெருசாப் போட்டு, மேனேஜரோட நிறுத்தாம அக்கவுன்ட்ஸ் ஆளுங்களுக்கும் சேர்த்து மெயில் பண்ணுங்க.

கேள்வி: சின்னதா ஒரு டிசைன் ஸ்டூடியோ நடத்தறேன். டிசைனர், ரைட்டர், போட்டோகிராஃபர்னு எல்லாருமே ஃப்ரீலான்ஸ். பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் குடுக்க வசதியில்ல, ஆனா அவங்களை நல்லா வெச்சுக்கணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கறது?
- வாசகர், கோவை

பதில்: இப்படி ஒரு கேள்வி வந்ததே ரொம்ப சந்தோஷம் சார். பிஎஃப் இல்லாமலே செய்யக் கூடியது எவ்வளவோ இருக்கு, அதுல முக்காவாசிக்கு செலவே கிடையாது.

முதல்ல ஒரு பக்கத்துல ஒப்பந்தம். என்ன வேலை, எத்தனை தடவை திருத்தம், யார் ஓகே சொல்லணும், எந்தத் தேதிக்குப் பணம், வேலை பாதியில நின்னா எவ்வளவு, அவ்வளவுதான். திருத்தத்தைக் கண்டிப்பா எழுதுங்க, ஏன்னா ஃப்ரீலான்சரோட உழைப்பு சத்தமில்லாம களவு போற இடம் அதுதான், "சின்னச் சேஞ்ச்தான்"னு பதினஞ்சாவது தடவை கேக்கும்போது அவங்க வாங்கற கூலி பாதிக்கும் கீழ போயிடும். நியூயார்க் நகரத்துல 2017ல இருந்தே 800 டாலரோ அதுக்கு மேலயோ உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிக்கலைன்னா வேலை முடிஞ்ச 30 நாள்ல பணம், குடுக்காம ஏமாத்தினா ரெண்டு மடங்கா வசூலிக்கலாம். 2024ல அதே மாதிரி மாநிலம் முழுசுக்கும் சட்டம் வந்துச்சு. நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டம் வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாமே.

அடுத்தது அட்வான்ஸ். மூணுல ஒரு பங்காவது முன்னாடி குடுங்க. டெஸ்ட் வேலைன்னு சொல்லி நிஜ வேலையை இலவசமா வாங்காதீங்க, டெஸ்ட்டுக்கும் காசு குடுங்க. போட்டோகிராஃபரை வெளியூர் ஷூட்டுக்கு அனுப்பினா போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவோட விபத்துக் காப்பீட்டு பிரீமியத்தையும் நீங்களே ஏத்துக்கோங்க, கேமராவும் கையும்தான் அவங்களுக்கு மூலதனம்.

டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கும்போதே பிடிச்சுக்கற வருமான வரி, இந்த விஷயம் பலரும் பேசறதில்ல. புரொபஷனல் ஃபீஸ்னு 10 சதவீதம் பிடிச்சா அதை அவங்க பான் நம்பர்ல ஒழுங்காக் கட்டி ரிட்டர்ன் போட்டு சர்டிபிகேட் குடுங்க. பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா அந்த ஃப்ரீலான்சர் ரீஃபண்டும் கிடைக்காம அலைவாங்க, அது அவங்க சம்பாத்தியத்துல கை வைக்கற மாதிரிதான்.

கடைசியா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். காலைல ஒன்பது மணிக்கு லாகின் பண்ணு, வேற யாருக்கும் வேலை பண்ணாத, லீவுக்கு எங்கிட்ட பர்மிஷன் கேளுன்னு சொன்னா அவங்க உங்க ஊழியர், பேரு மட்டும் ஃப்ரீலான்ஸ்னு இருந்தா கோர்ட்ல நிக்காது, யாரு கட்டுப்பாட்டுல எப்படி வேலை நடந்ததுன்னுதான் பாப்பாங்க. அப்படி முழுநேரம் தேவைப்படற ஆள் யாராவது இருந்தா, வேலைக்கு எடுத்துக்கோங்க.

கேள்வி: ஒரு கம்பெனிக்கு ஃப்ரீலான்சா தமிழ்ப் பாடங்கள் எழுதினேன், ஆப்புக்குன்னு சொன்னாங்க. இப்ப அதையே புத்தகமாப் போட்டு விக்கறாங்க, என் பேர்கூட இல்ல.
- வாசகர், மதுரை

பதில்: எழுத்து மூலமா உரிமையை எழுதிக் குடுக்காத வரைக்கும் காப்புரிமை (காப்பிரைட்) எழுதின உங்களுக்குத்தான். ஆப்புக்குன்னு பேசினதை ஆப்புல பயன்படுத்தலாம், புத்தகத்துக்கு உங்களைக் கேட்டிருக்கணும். அப்படியே எழுதிக் குடுத்திருந்தாலும் எத்தனை வருஷம்னு குறிப்பிடலைன்னா அஞ்சு வருஷம்தான் செல்லும், எந்த நாட்டுக்குன்னு இல்லைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். பேர் போடச் சொல்லிக் கேக்கற உரிமை தனி, அது உரிமையை வித்த பிறகும் உங்ககிட்டதான் இருக்கும். போட்டோ எடுக்கறவங்க கவனிங்க, உங்களுக்கு இது தலைகீழ்: காசு குடுத்து எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான் உரிமை போகும், வேற மாதிரி வேணும்னா முன்னாடியே எழுதி வாங்கணும்.

கேள்வி: நான் ஃப்ரீலான்சா வேலை பாக்கற டீமோட லீட் ராத்திரில அசிங்கமா மெசேஜ் அனுப்பறார். ஹெச்ஆர்ல சொன்னா "நீங்க எங்க எம்ப்ளாயி இல்லையே"ங்கறாங்க.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, அந்தப் பதிலை நம்பிப் பின்வாங்கிடாதீங்க. 2013ல வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், புகார் குடுக்கற பெண் அங்க ஊழியரா இல்லையான்னு பாக்கறதே இல்ல. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்தக் கம்பெனியிலயும் உள்புகார்க் குழு இருந்தாகணும், ஹெச்ஆரைத் தாண்டி நேரா அந்தக் குழுவுக்கே எழுத்துல குடுங்க. பத்துப் பேருக்குக் கம்மியான இடம்னாலோ முதலாளி மேலயே புகார்னாலோ மாவட்ட அளவுல ஒரு குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சா வழி சொல்லுவாங்க. மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, தேதியும் நேரமும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற இடத்துலயும் போட்டு வைங்க.

இதைப் படிக்கற கம்பெனிக்காரங்க ஒவ்வொரு ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்துலயும் அந்தக் குழுவோட மெயில் ஐடியைச் சேத்துக் குடுங்க. நீங்க மட்டும் தள்ளிப் போடாதீங்க அம்மா, கடைசியா நடந்த சம்பவத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் குடுக்கலாம், ஆனா அதை நம்பி உக்காராம இந்த வாரமே எழுதிடுங்க.