மூக்கை மூடிக்கிட்டா வாசனை தெரியுமா?

கேள்வி: சார், வாத்து மாதிரி அலகு இருக்கற, முட்டை போடற பாலூட்டி பிளாட்டிபஸ் தண்ணிக்குள்ள கண்ணு, காது, மூக்கு மூணையும் மூடிக்கும்னு என் பொண்ணு சொல்றா, அப்போ அதுக்கு மோப்பமே கிடையாதா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பொண்ணு சொன்னது கரெக்ட்மா. தண்ணியில அது இரையோட தசை அசையறப்போ வர்ற துளி மின்சாரத்தை அலகாலயே கண்டுபிடிச்சிடும். ஆனா மோப்பம் இருக்கு. உங்க ஏரியா பூக்கடையில மல்லி மேல ஈரத்துணியை விலக்கினதும் வாசனை குப்புனு வருதுல்ல, அதைப் பிடிக்கிற ரிசெப்டர், அதாவது மூக்குக்குள்ள வாசனையை உணர்ற புரதம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜீன், நமக்கு சுமார் 400, பிளாட்டிபஸுக்கு 300 பக்கம், அதே மாதிரி முட்டை போடற எகிட்னா தரையை மோந்து மோந்து எறும்பு தேடறது, அதுக்கு கிட்டத்தட்ட 700! இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற: தன் இனத்தோட ரசாயன சிக்னலைப் பிடிக்க வோமரோநேசல்னு தனி உறுப்பு இருக்கு, அதோட ஒரு வகை ஜீன் மட்டும் பிளாட்டிபஸுக்கு 260க்கு மேல, எகிட்னாவுக்கு 30கூட இல்ல, நமக்கோ விரல்விட்டு எண்ணிடலாம். குட்டியைப் பையில வளர்க்கற பாலூட்டி வகையைச் சேர்ந்த ஒபாசமுக்கு மோப்ப ஜீனே 1,000க்கு மேல.