நேர்மையாக நடந்தும் மனதில் சந்தோஷம் இல்லையென்றால்

உங்கள் நேர்மை வீண் இல்லை, சகோதரரே. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), உபவாசம், லஞ்சம் தொடாத வேலை எல்லாம் இருந்தும் சந்தோஷம் இல்லை, வாங்குகிறவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதாகமத்தின் 73-ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் கேட்டதும் இதையேதான். துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான் அவர் பார்வை மாறியது. முடிவில் அவர் தனக்கு நலம் என்று சொன்னது செழிப்பை அல்ல, தேவனை அண்டியிருப்பதை.

நீதியைக் கூலிக்குச் செய்யும் வேலையாக எண்ணிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். லூக்கா 15-இல் இயேசு சொன்ன உவமையில், ஊதாரியாகப் போன தம்பி திரும்பி வந்ததற்குத் தகப்பன் விருந்து வைத்தபோது மூத்த மகன் செய்ததைப் பாருங்கள். வீட்டைவிட்டுப் போகவில்லை, கட்டளையை மீறவில்லை. ஆனாலும் எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று கோபித்துக்கொண்டு வெளியே நின்றான். தவறாமல் ஆலயத்துக்கு வருகிற நாம்தான் இதில் அதிகம் சிக்குகிறோம்.

ஒன்று செய்து பாருங்கள். இந்த வாரம் ஒருவருக்கு, யாருக்கும் தெரியாமல் உதவுங்கள் (மத்தேயு 6:3). ஜெபத்தில்கூட அதற்குப் பதில் கேட்காதீர்கள். 'யாரும் கவனிக்கவில்லையே' என்று மனம் உறுத்தினால், சந்தோஷம் இல்லாததற்குக் காரணம் இந்தக் கூலி எண்ணம்தான்.

ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அது விசுவாசக் குறைவு அல்ல. சாக விரும்பிய தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது உணவும் தண்ணீரும்தான் (1 இராஜாக்கள் 19). ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.