வாசகர் கேள்வி: பந்தின் மேல் ஒரு கையெழுத்து

கேள்வி: என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவர். ஊர் திரும்பிய ஆங்கிலேய மேலாளர் ஒருவர், அமெரிக்க நண்பர் தந்ததாகச் சொல்லி, அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் ‘பேப் ரூத்’ கையெழுத்திட்ட பந்து ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். படங்கள் அனுப்பியுள்ளேன். இது அசலா? நல்ல விலை போகுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் எனக்கு அதிகம் உதவியது கையெழுத்து தெரியும் படமன்று, பந்தின் மறுபுறத்தில் மங்கிய அச்சு தெரியும் படமே. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் தன் பந்துகளில் அந்தந்தக் காலத் தலைவரின் பெயரை அச்சிட்டு வந்தது. உங்கள் பந்தில் இருப்பது 1931 முதல் 1959 வரை தலைவராக இருந்த வில்லியம் ஹாரிட்ஜின் பெயர். 1933 வரை அந்த லீக்கின் பந்துகளைச் சிவப்பும் நீலமுமாக இரு நிற நூலில் தைத்தார்கள்; உங்களுடையதில் சிவப்பு மட்டுமே இருப்பதால் அது 1934-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16-இல். ஆக, அவர் கையெழுத்திட்டிருக்கக்கூடிய காலம் ஏறத்தாழ 14 ஆண்டுகள். ஆனால் அவர் மறைந்த பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஹாரிட்ஜ் பெயருடனேயே பந்துகள் வந்துகொண்டிருந்தன. அடுத்த தலைவரான ஜோ குரோனின் பெயர் இருந்திருந்தால், போலி என்று ஒரே சொல்லில் பதிலை முடித்திருப்பேன். இங்கே பந்து பொய் சொல்லவில்லை என்பது வரைக்கும்தான் வந்திருக்கிறோம்.

அடுத்தது மை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரிகள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள். ஊற்றுப் பேனாவின் மை தோலுக்குள் ஊறி, காலப்போக்கில் வெளிறிப் பழுப்பேறும். பால்பாயின்ட் பேனா தோலில் மெல்லிய பள்ளத்தை உண்டாக்கும். பால்பாயின்ட் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான் என்பதால், பள்ளம் தெரிந்தால் உங்கள் 14 ஆண்டுகள் மூன்றுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் மையின் அடர்த்தி சிறிதும் மாறாமல் ஒரே சீராக இருந்தால், அது தொழிற்சாலையில் முத்திரையாகக் குத்திய கையெழுத்தாக இருக்கலாம்; நினைவுப் பொருளாக விற்ற பந்துகளில் அப்படிச் செய்வதுண்டு. வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பந்துகளில் கையெழுத்திட்ட ஒருவரின் கோடு வேகமாக ஓடியிருக்க வேண்டும். நடுக்கமும், நடுவில் பேனாவை எடுத்து வைத்த தடயமும் பார்த்து வரைந்தவனைக் காட்டிக்கொடுக்கும்.

மேலாளர் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் வாங்குபவர் கதைக்குப் பணம் தர மாட்டார். தாத்தாவின் பெட்டியில் அந்த மேலாளரின் கடிதமோ அக்காலப் புகைப்படமோ கிடைத்தால் பந்துடன் சேர்த்து வையுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, இரு லீக்குகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் 1933-இல் முதன்முறை நடந்தபோது அதில் ரூத் ஹோம் ரன் அடித்துப் பின்னர் கையெழுத்திட்ட பந்து 2006-இல் 8,05,000 டாலருக்கு ஏலம் போனது. அது அந்த ஆட்டத்துக்கான விலை. அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். இரு தையல்களும் மிக நெருங்கும் குறுகிய இடத்தில், வேறு எவருடைய பெயரும் இல்லாமல், மை மங்காமல் இருக்கும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். விற்பவர்கள் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் கைமாறிய தொகையையே பாருங்கள்.

கேள்வி: நியூஜெர்சியில் உள்ள என் மைத்துனர் சான்றிதழுடன் கூடிய கையெழுத்துப் பந்து ஒன்றை வாங்கியிருக்கிறார். சான்றிதழ் இருந்தால் போதுமல்லவா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: போதாது. விற்றவரே எழுதிக் கொடுத்த சான்றிதழ், மாப்பிள்ளையின் குணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தரும் உத்தரவாதம் போன்றது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1990-களின் இறுதியில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட போலிக் கும்பலைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்டதாக விற்ற பேஸ்பால்கள்கூட அகப்பட்டன. சான்றிதழ்களும் தாராளமாகவே புழங்கின. விற்பனையில் பங்கில்லாத பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற கையெழுத்துச் சரிபார்ப்பு நிறுவனங்களின் சான்று எண் இருந்தால், அதை அவர்களின் பதிவேட்டுடன் ஒப்பிடச் சொல்லுங்கள். எண் உண்மையாக இருந்து, வேறு பந்துக்கு உரியதாக இருப்பதும் உண்டு. ஆகவே பதிவில் படம் இருந்தால் தையலையும் கறைகளையும் பொருத்திப் பார்ப்பது நல்லது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-இல் தொடங்கிய சரிபார்ப்புத் திட்டத்தின் ஹோலோகிராம் ஒட்டியிருந்தால் நம்பிக்கை கூடும். கையெழுத்திடுவதைச் சாட்சி ஒருவர் நேரில் பார்த்த பிறகே அதை ஒட்டுகிறார்கள்.

கேள்வி: ஏற்காட்டு ஈரத்தில் பந்தின் மேல் பூஞ்சை பிடிக்கிறது. துடைக்கலாமா?
– முதல் கேள்வி கேட்ட அதே வாசகி

பதில்: உலர்ந்த மெல்லிய தூரிகையால், கையெழுத்தைத் தொடாமல் தட்டிவிடுங்கள். தோல் செருப்புக்குப் பூசுவதைப் போலத் தேங்காய் எண்ணெயோ, பளபளப்புக்காக வார்னிஷோ வேண்டவே வேண்டாம். மங்கிய எழுத்தின் மேல் பேனாவை ஓட்டினால் அசலும் போலிக்குச் சமமாகிவிடும். வெயில் படாத அலமாரியில், மூடியுள்ள பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்து, மழைக்காலம் முழுவதும் அவற்றை அவ்வப்போது மாற்றி வாருங்கள்.