மாணவர்களின் எழுத்தும் வகுப்பறைப் பரிமாற்றமும் அமைதிக்கு எப்படி உதவும்?

இரு நாட்டு மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே விசாரித்து எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதுதான் இது. 2010-இல் தொடங்கிய 'எக்ஸ்சேஞ்ச் ஃபார் சேஞ்ச்' என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். இந்திய, பாகிஸ்தான் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கடிதம், படங்கள் அனுப்பினார்கள். அப்புறம் பிரிவினைக் காலத்துப் பெரியவர்களைப் பேட்டி எடுத்து, அந்த நினைவுகளையும் பரிமாறிக்கொண்டார்கள்.

செய்திகளில் அண்டை நாடு என்றால் பெரும்பாலும் அரசும் ராணுவமும்தான். 1947-இல் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய ஒரு பாட்டியின் கதை அந்தப் பக்கமும் உண்டு, இந்தப் பக்கமும் உண்டு. அதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதும் பிள்ளை, வதந்தியை எளிதில் நம்பாது. பக்கத்து வீட்டாரைப் பற்றித் தெருவில் கேள்விப்படுவதற்கும் நேரில் பேசிப் பழகுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதனால் காஷ்மீர் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை; பிள்ளைகள் எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை.