முதல் பாட்டுக்கே வந்துவிடுங்கள்: ஹிப் ஹாப் மேடை குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் பெரிதும் விரும்பும் ராப்பர் ஒருவரின் நேரடி நிகழ்ச்சிக்கு நண்பர்களோடு செல்லவிருக்கிறேன். அவர் மேடையேறுவதற்கு முன் உள்ளூர்க் கலைஞர்கள் மூவர் பாடுவார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் கேள்விப்பட்டதில்லை. இரண்டு மணி நேரம் கழித்துச் சென்றால் இழப்பு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. முதன்மைக் கலைஞரின் பாடல்கள் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். எந்த வரிக்குப் பின் எந்த வரி வரும் என்று தெரிந்துகொண்டே கேட்கப்போகிறீர்கள். அந்த இன்பம் பெரியதுதான். ஆனால், முன்பின் அறியாத ஒரு குரல் முதல் நான்கு வரிகளிலேயே உங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் அனுபவம், தொடக்கக் கலைஞர்கள் பாடும் அந்த முதல் மணி நேரத்தில்தான் கிடைக்கும்.

இந்தக் கலை பிறந்ததே அக்கம்பக்கத்தாருக்கு நடுவில்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், பள்ளி திறக்கும் நேரத்தில் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காக சிண்டி கேம்பெல் என்ற இளம்பெண் ஒரு விருந்து நடத்தினார். அதில் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படும் அந்த இரவில் உலகப் புகழ் பெற்றவர் என்று ஒருவரும் இல்லை. பாடியவர்களும் ஆடியவர்களும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே.

பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர்கள் பலரும் இன்னொருவர் மேடையின் ஓரத்தில் நின்றுதான் தொழில் கற்றார்கள். டூபாக் ஷகூர் முதலில் டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் குழுவில் சாமான் தூக்குபவராகவும் பின்னணியில் ஆடுபவராகவும் இருந்தவர். அப்போது முன்னணி ராப்பராக இருந்த பிக் டாடி கேன் உடை மாற்றச் செல்லும் சில நிமிட இடைவெளியில் மேடைக்கு வந்து ராப் பாடிக் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருந்த இளைஞர்களில் ஒருவர் ஜே இசட். அந்த இடைவெளியில் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்த ரசிகர்களை எண்ணி நான் உண்மையாகவே வருந்துவதுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடக்கக் கலைஞர் பாடும்போது அரங்கம் பாதிதான் நிரம்பியிருக்கும். வருகிறவர்கள் பேசிக்கொண்டே நிற்பார்கள். சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் மைக்கையும் ஒலியளவையும் சோதித்துப் பார்ப்பது, பெரும்பாலும் முதன்மைக் கலைஞருக்கே முதலில் நடக்கும், முதலில் பாடப்போகிறவருக்குக் கடைசியாக நடக்கும். கடைசியாகச் சோதித்தவரே முதலில் பாடுவதால் மேடை அமைப்பை மறுபடி கலைக்க வேண்டியிராது என்பதால் அந்த வரிசை நியாயமானதே. ஆயினும் முன்னவருடைய சோதனை நீண்டுவிட்டால் தேய்வது இவருடைய நேரம்தான். இத்தனையையும் மீறி அவர் கூட்டத்தைத் தன் பாட்டுக்குத் திருப்புகிறார் என்றால், அன்றிரவின் கடினமான வேலையைச் செய்பவர் அவரே என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அடுத்த மாதம் ஒரு நிகழ்ச்சியில் தொடக்கக் கலைஞராகப் பாட எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை அறைக்குள் பதிவு செய்துதான் பழக்கம். எப்படித் தயாராவது?

பதில்: வாழ்த்துகள். முதலில் உங்கள் மூச்சைக் கவனியுங்கள். ஒலிப்பதிவில் ஒரு சரணத்தை நான்கு துண்டுகளாகப் பாடி ஒட்டிவிடலாம் என்பதால், மூச்சு வாங்க இடமே இல்லாத வரிகளை நம்மை அறியாமலே எழுதிவிடுகிறோம். அந்த வரிகளை நின்றுகொண்டும் நடந்துகொண்டும் ஒரே ஓட்டத்தில் பாடிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். மேடையில் ஒரு சொல் குறைவதை எவரும் கவனிப்பதில்லை, குரல் இளைப்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள்.

20 நிமிடத்துக்கு ஐந்து பாடல்கள் போதும்; இடையில் பேசவும் கைதட்டலுக்கும் நேரம் வேண்டும். உங்கள் குரல் கலக்காத பேக்கிங் டிராக்குகளை (பின்னணி இசைப் பதிவுகளை) பாடும் வரிசையிலேயே பெயரிட்டு, மேடையில் இசையை ஓடவிடும் டிஜேயிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். மைக்கின் தலைப்பகுதியை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். படங்களில் அது அழகாகத் தெரியலாம். ஆனால் முன்னால் வரும் ஒலியை மட்டும் வாங்குவதற்காக மைக்கில் அமைத்துள்ள பக்கத் துளைகள் அடைபட்டுவிட்டால், அது எல்லாப் பக்க ஒலியையும் வாங்கத் தொடங்கும். உங்கள் சொற்கள் மங்கும், பாடுகிறவர் கேட்பதற்காக அவரை நோக்கி வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்ற ஃபீட்பேக் எழும்.

கைகளை உயர்த்துங்கள் என்று கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பாட்டு நன்றாக இருந்தால் கைகள் தாமாக உயரும். கொடுத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே முடித்துவிடுங்கள், ஏனெனில் நீங்கள் கூடுதலாக எடுக்கும் ஐந்து நிமிடமும் அடுத்துப் பாடவிருக்கும் இன்னொரு புதியவருடையது. பாடி முடித்ததும் கிளம்பிவிடாமல் மற்றவர்களையும் நின்று கேளுங்கள்.

கேள்வி: டிஜே என்பவர் கணினியில் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு என்ன செய்கிறார்?

பதில்: ஹிப் ஹாப் மேடையில் முதலில் நட்சத்திரமாக இருந்தவரே அவர்தான். பாட்டில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் ஆட்டக்காரர்கள் துள்ளி எழுவதைக் கவனித்த கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேசைகளில் வைத்து, அந்தப் பகுதியை மாற்றி மாற்றி நீட்டினார். அந்த நீட்சியின் மேல் பேசத் தொடங்கிய பேச்சுதான் ராப்பாக வளர்ந்தது. இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஸ்கிராட்ச் ஒலியை 1970களின் நடுவில் உருவாக்கியவர் என்று கிராண்ட் விசர்ட் தியோடர் போற்றப்படுகிறார். இன்றைய டிஜேயின் முன்னால் கணினி இருந்தாலும், பாடுகிறவர் வரியை மறந்தால் பீட்டை வெட்டி மறுபடி தொடங்குவதும், முக்கியமான வரி வரும் நொடியில் இசையை முழுவதும் நிறுத்தி அந்தச் சொல்லைத் தனியே ஒலிக்கவிடுவதும் அவர் கைகள்தாம். அடுத்த முறை அந்தக் கைகளைச் சற்று நேரம் பாருங்கள்.

கேள்வி: பதிவு செய்த தம் குரலையே ஓடவிட்டு அதன் மேல் பாடுகிறார்கள். இது ஏமாற்று அல்லவா?

பதில்: எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். பல்லவியில் கூட்டுக்குரல் ஒலிப்பதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. சரணம் முழுவதும் பதிவுக் குரல் முன்னால் ஓட, பாடகர் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்வதுதான் வருத்தம் தருகிறது. வரி முடிவுகளைச் சேர்ந்து சொல்லி மூச்சுக்கு இடம் கொடுப்பதற்கென்றே ஹைப் மேன் என்ற துணைவர் மேடையில் உண்டு. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவில் முதன்மைப் பாடகர் சக் டிக்குத் துணைநின்ற ஃபிளேவர் ஃபிளேவ் அந்தப் பணியையே ஒரு கலையாக்கினார். உயிருள்ள இன்னொரு குரல் துணைக்கு இருக்கையில், பதிவின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை.

கேள்வி: அரங்கில் சொற்களே புரிவதில்லை. வெறும் அதிர்வு மட்டும் கேட்கிறது.

பதில்: தாழ்ந்த ஒலிகள் மூடிய அறையில் எளிதில் அடங்குவதில்லை, சுவர்களில் பட்டுத் திரும்பிச் சொற்களை மூடிவிடும். மூலைகளிலும் சுவரோரத்திலும் இது மிகுதி. ஒலிப்பொறியாளர் அமர்ந்திருக்கும் மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் நின்று கேளுங்கள். அவர் தம் காதுக்கு எது தெளிவோ அதைத்தான் அமைக்கிறார். அதன்பின் நமக்குப் பழகிய வழி ஒன்று இருக்கிறது. யாப்பு படித்தவர்களுக்கு எதுகையும் மோனையும் இயைபும் புதியவை அல்ல. ராப் பாடகர் இயைபை வரி இறுதியில் மட்டும் வைக்காமல் வரியின் நடுவிலும் புதைப்பார், எதிர்பார்த்த தாளத்துக்கு அரை மாத்திரை தள்ளியும் போடுவார். அந்த ஒலி ஒப்புமையை முதலில் காது பிடித்துக்கொண்டால், பொருள் பின்னாலேயே வந்து சேரும்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்து வீடு வந்த பிறகும் காதில் ரீங்காரம் கேட்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: காது தன் எல்லையைக் கடந்துவிட்டதைச் சொல்லும் ஒலி அது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, அரங்குகளின் சராசரி ஒலியளவு 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. பணியிடங்களுக்கான ஒரு கணக்கின்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பானது; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஆகவே 100 டெசிபெலில் மிஞ்சுவது 15 நிமிடம்தான். இசைக்கென்றே செய்த வடிகட்டியுள்ள காதடைப்பான்களை வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணப் பஞ்சு அடைப்பான்கள் உயர்ந்த ஒலிகளை விழுங்கிச் சொற்களை மங்கச் செய்யும், இவை அவ்வளவு செய்வதில்லை. ரீங்காரம் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு காது மந்தமானாலோ, காது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒரு தொடக்கக் கலைஞரின் பாட்டு மிகவும் பிடித்துவிட்டது. அவருக்கு நான் என்ன செய்யலாம்?

பதில்: பாடி முடித்தபின் பெரும்பாலும் அவர் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். சென்று, எந்த வரி பிடித்தது என்று அந்த வரியையே சொல்லுங்கள். அவர் பாடல் விற்பனைக்கு இருந்தால் வாங்குங்கள். நிகழ்ச்சியை நடத்துபவரிடமும் அவர் பெயரைக் குறிப்பிட்டு, மறுபடி எப்போது அழைப்பீர்கள் என்று கேளுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்பவர் அவர்தான்.