நாற்பது ஆட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வயது 24, செஸ் ஆடுகிறேன். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 2040. லிசெஸ் இணையதளத்தில் 3+0 பிளிட்ஸ் (ஆளுக்கு மூன்று நிமிடம், கூடுதல் வினாடி கிடையாது) ஆடுகிறேன், அங்கே இரண்டு வருடமாக 2300 ரேட்டிங்கைத் தாண்ட முடியவில்லை. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் எப்படியும் நாற்பது ஆட்டம். ஜெயிக்கிற பொசிஷனில் நேரம் போய்த் தோற்கிறேன். கை வேகத்துக்குப் புல்லெட் (ஆளுக்கு ஒரே நிமிடம்) ஆடலாமா? போனை விட்டுவிட்டு கேமிங் மௌஸ் வாங்கலாமா? குகேஷ் சிறுவயதில் எஞ்சினே (ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரல்) தொடாமல் வளர்ந்தாராமே, நானும் அதை நிறுத்திவிடவா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

மௌஸ் வாங்குங்கள், வீட்டில் கிடக்கிற பழையதே போதும். புல்லெட் வேண்டாம். குகேஷுக்கு எஞ்சின் இல்லாத காலத்தில் விஷ்ணு பிரசன்னா என்றொரு பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தார். உங்கள் பக்கத்தில் இரவு பதினோரு மணிக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த நாற்பதுதான். நேற்றிரவு ஆடிய நாற்பதில் ஒன்றை, ஒரே ஒன்றை, முதல் நகர்த்தலிலிருந்து கடைசி வரை இப்போது சொல்ல முடியுமா? முடியாது. எனக்கும் முடியாது, போன வாரம் முயன்று பார்த்து வெட்கப்பட்டேன். அதையே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

1970-இல் யூகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் ஒரு பிளிட்ஸ் போட்டி நடந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம், 22 ஆட்டம். தால், பெட்ரோசியன், ஸ்மிஸ்லோவ் என்று உலகச் சாம்பியன்களாக இருந்தவர்களே மூன்று பேர். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் 19 புள்ளி எடுத்தார். இரண்டாவதாக வந்த தாலுக்குப் பதினாலரை. இதெல்லாம் பெரிதில்லை. போட்டி முடிந்ததும் அந்த 22 ஆட்டங்களையும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர்த்தல்களை, நினைவிலிருந்தே ஒப்பித்தார். ஐந்து நிமிட ஆட்டத்தையும் அந்த மனிதர் ஆட்டமாகத்தான் ஆடியிருக்கிறார். நீங்கள் ஆடுவது எதை?

எண்பதுகளின் நடுவில் மதுரையில், ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மாடியில் சாயங்காலம் ஆடுவோம். போர்டு நிறைய இருந்தது, கடிகாரம் ஒன்றே ஒன்று. சாவி கொடுக்கிற கடிகாரம். நிமிட முள் பன்னிரண்டை நெருங்கும்போது குட்டிச் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டே போகும், தாண்டியதும் அது பொத்தென்று விழும். ஐந்து நிமிட ஆட்டம், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சென்னை தால் கிளப்பிலும் இதே கதைதான், ஆனந்த் வளர்ந்தது அப்படியொரு வரிசையில்தான்.

அங்கே ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஒருவர் வருவார். எங்களுக்கு அவர் கார்டு சார். அவசரமே படமாட்டார், ஆனாலும் கொடி விழுவது நமக்குத்தான். ஒருநாள் அவரிடம் யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் வெறும் யானை. என் ராஜா சிப்பாய்க்கு முன்னாலேயே நிற்கிறது. எனக்கு நாற்பது வினாடி பாக்கி. பதறிப்போய் யானையை இங்கும் அங்கும் ஓட்டித் தோற்றேன்.

"எங்கடா விட்டே?"

"டைம் இல்ல சார்."

"டைமைக் கேக்கல. எங்க விட்டே?"

தெரியவில்லை. "தெரியாமதான் வரிசையில நிக்கப் போறியா? போய் டீ சொல்லிட்டு வா." எனக்கு முன்னால் ஐந்து பேர், ஐம்பது நிமிடம். ஜன்னல் திட்டில் உட்கார்ந்து சிகரெட் அட்டையைப் பிரித்து அதன் உள்பக்கம் கட்டம் போட்டேன். என் யானை என் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் சும்மா நின்றிருந்தாலே போதும், அவர் ராஜா உள்ளே வர முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்து விழுந்ததும், யானையை அவர் பக்கத்துக் கடைசி வரிசைக்கு ஓட்டிப் பின்னாலிருந்து செக், செக், செக். அவர் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. டிரா! பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் தெரிந்தது, 18-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் அதை எழுதிவைத்துவிட்டார். (ஆப்பராக்களுக்கு இசையமைத்தவரும் அவரே.) இருக்கட்டும். அந்த எண்ட்கேமில் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) அதற்குப் பிறகு இன்றுவரை நான் தோற்றதில்லை, ஐந்து வினாடி இருந்தாலும்.

அந்த ஐம்பது நிமிடத்தைத்தான் ரீமேட்ச் பட்டன் தின்றுவிட்டது. தோற்ற எரிச்சல் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டத்தில் நாலாவது நகர்த்தல் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினைத் தட்டினால் எது தப்பு என்று அது சிவப்பில் காட்டும். நீங்கள் "ஆமால்ல" என்பீர்கள். மறுநாள் அதே தப்பு. எஞ்சினை நிறுத்த வேண்டாம், அதற்கு முன்னால் எங்கே விட்டோம் என்று நீங்களே சொல்லிவிட்டு அப்புறம் அதைத் திறங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. 2040 ரேட்டிங் வைத்துக்கொண்டு இதைக்கூட இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் கோபம்தான்.

நேரம் போய்த் தோற்பது பற்றி: ஜெயிக்கிற பொசிஷன் என்கிறீர்கள், அதை எப்படி முடிப்பது என்று உடனே தெரியாததால்தான் பத்துப் பத்து வினாடியாகக் கரைகிறது. விரலில் கோளாறில்லை. 3+2-க்கு மாறுங்கள், உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே அதில்தான் நடக்கிறது. நகர்த்தலுக்கு இரண்டு வினாடி கூடும்போது எண்ட்கேமை ஆடித்தான் தீர வேண்டும், எதிராளி நகர்த்துவதற்கு முன்பே குருட்டாம்போக்கில் ப்ரீமூவ் போட்டுத் தப்பிக்க முடியாது. 48 வயதில், 2017-இல் ரியாத்தில், ஆனந்த் உலக ரேபிட் (பிளிட்ஸைவிடக் கொஞ்சம் நீண்ட ஆட்டம்) பட்டம் வாங்கினார். வழியில் அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சனையும் தோற்கடித்தார். விரல் வேகம்தான் விஷயமென்றால் அந்த வயதில் அவருக்கு அங்கே என்ன வேலை?

ஓர் இரவுக்கு எட்டு ஆட்டம் ஆடுங்கள். தோற்றால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓர் ஆட்டத்தை நினைவிலிருந்து எழுதி எனக்கு அனுப்புங்கள். திரையைப் பார்த்து எழுதினால் தெரிந்துவிடும். தோற்ற ஆட்டமாக இருக்கட்டும்.